விண்மீன்களுக்குக் கணக்கெழுதியவர்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கல்லூரி வளாகம் இரண்டாகப் பிரிந்து நிற்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். ஒரு பக்கம் கைகுலுக்கல்களும் இனிப்பும். மறு பக்கம் மரத்தடியில் தனித்து நிற்கும் சில முகங்கள். ஊருக்கு எந்தப் பேருந்தில் போவது, வீட்டில் என்ன சொல்வது என்பதே அந்த முகங்களில் எழுதியிருக்கும். அத்தகையோர் வரிசையில் ஒருமுறையன்று, மூன்றுமுறை நின்ற ஒருவரின் வரலாறே இக்கட்டுரை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மூன்று முறையும் தோல்வியுற்ற அவர், பின்னாளில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகம் மதித்து வாங்கிக்கொண்ட பல்லாயிரம் குறிப்புகளுக்கு உரியவரானார். வங்கம் தந்த அப்பெருமகனாரின் பெயர் இராதா கோவிந்த சந்திரர்.

பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, பொறிகளோடு போராடிப் பெயர் பெற்ற ஜி. டி. நாயுடு அவர்களைக் கோவை மக்களாகிய நாம் நன்கு அறிவோம். எனவே, பட்டம் இல்லாதவருக்கும் அறிவு கைகூடும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆனால் நாயுடு அவர்களுக்குத் தொழில் இருந்தது, செல்வம் இருந்தது. இராதா கோவிந்தருக்கு இருந்தவை ஒரு சிறு குமாஸ்தா வேலையும், ஒரு வீடும், அந்த வீட்டின் மேல் விரிந்த வானமுமே.

பாட்டி காட்டிய வானம்

இராதா கோவிந்தர் 1878ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், ஜெஸ்ஸோர் நகரை அடுத்த பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜெஸ்ஸோர் அன்று ஒன்றுபட்ட வங்கத்தில் இருந்தது. இன்று வங்கதேச நாட்டில் உள்ளது. சிறுவனாயிருந்தபோது பாட்டியின் அருகில் அமர்ந்து வானத்து மீன்களைப் பார்ப்பது அவர் வழக்கம். பாட்டிக்குப் பல விண்மீன்களின் பெயர்கள் தெரிந்திருந்தன. நம் வீட்டு அம்மிச்சிமார்கள், வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆறாம்மீனையும் விடிவெள்ளியையும் காட்டிக் கதை சொல்வார்களே, அதுபோன்றதொரு பள்ளிக்கூடம் அது.

அடுத்த பாடம் ஒரு பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. வங்க உரைநடை ஆசிரியர் அட்சயகுமார் தத்தர் எழுதிய வாசக நூல் ஒன்றில், இப்பேரண்டம் எத்துணைப் பெரியது என்பது பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதைப் படித்த சிறுவனின் நெஞ்சில் வான நாட்டம் வேரூன்றியது. ஆனால் தேர்வோ வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இரவெல்லாம் விண்ணை நோக்கிய கண்கள் பகலில் பாடங்களில் பதியவில்லை போலும். மூன்று முறை எழுதியும் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை. கல்லூரி வாயிலை மிதிக்காமலேயே அவருடைய படிப்பு முடிந்தது.

காசு சோதிக்கும் கை

பின்னர் ஜெஸ்ஸோர் அரசுக் கருவூலத்தில் ஒரு சிறு வேலை கிடைத்தது. வந்து குவியும் நாணயங்களை எண்ணி, நல்ல காசு எது, செல்லாக் காசு எது எனப் பிரித்தறியும் வேலை. மாதச் சம்பளம் 15 ரூபாய். கேட்பதற்கு மிக எளிய வேலைதான். ஆயினும் நண்பர்களே, இந்த வேலை அவருக்கு என்ன கற்றுத் தந்தது என எண்ணிப் பாருங்கள். இரண்டு நாணயங்களை அருகருகே வைத்து மெல்லிய வேற்றுமையைக் கண்ணால் உணர்வது; கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் ஏட்டில் பதிவது; நேற்று எழுதியதை இன்று திருத்தாமல் இருப்பது. வானியலில் அவர் செய்த பணி முழுவதும் இம்மூன்றில் அடங்கிவிடுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்நகரில் காளிநாத் முகர்ஜி என்றொரு வழக்கறிஞர் வாழ்ந்தார். சட்டம் அவர் தொழில். வானியல் அவர் காதல். வான மண்டலப் படநூல் ஒன்றை அவர் உருவாக்கிக் கொண்டிருந்தார். அப்பணியில் இராதா கோவிந்தர் அவருக்குத் துணை நின்றார். படத்தில் உள்ள மீனை வானத்திலும், வானத்தில் உள்ள மீனைப் படத்திலும் தேடித் தேடி, வானம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. தெருவிலுள்ள வீடுகளைத் தபால்காரர் அறிவதுபோல அவர் விண்மீன்களை அறிந்தார். அதன் பயன் பின்னாளில் ஓர் இரவில் தெரியவந்தது.

வால்மீனும் தொலைநோக்கியும்

1910ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் வந்தது. சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றை வலம்வந்து செல்லும் அவ்வால்மீனைக் கண்டு உலகமே வியந்தது. பலர் அஞ்சவும் செய்தனர். இராதா கோவிந்தரோ ஒரு சிறிய இருகண் நோக்கியை வைத்துக்கொண்டு அதன் போக்கை இரவுதோறும் குறித்து வந்தார். தாம் கண்டவற்றை வங்க மொழியில் கட்டுரையாகவும் எழுதினார். சாந்திநிகேதனில் அறிவியல் ஆசிரியராக இருந்த ஜகதானந்த ராய் அவருடைய திறமையை உணர்ந்து, ஒரு தொலைநோக்கி வாங்குமாறு ஊக்கினார்.

ஊக்குவது எளிது, வாங்குவது எளிதா? 1912ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அவர் தருவித்த 3 அங்குலத் தொலைநோக்கியின் விலை 13 பவுன். அன்று ஒரு பவுனுக்கு 15 ரூபாய். அதாவது, வேலையில் சேர்ந்தபோது அவர் பெற்ற மாதச் சம்பளம் சரியாக ஒரு பவுன். அந்தக் கணக்கில் பார்த்தால், பதின்மூன்று மாதம் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலன்றி அக்கருவியை வாங்க முடியாது. அந்தப் பணத்தில் ஒரு குடும்பத்தின் எத்தனையோ தேவைகள் நிறைவேறியிருக்கும். கண்ணாடி வில்லை பொருத்திய ஒரு குழாய்க்காக அதனைச் செலவிட்டவரை ஊரார் என்ன சொல்லியிருப்பர் என்பதை நம்மூர் வழக்கப்படி நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

படத்தில் இல்லாத மீன்

1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு. கழுகு மண்டலம் எனப்படும் அக்விலாவில், அதுவரை இல்லாத ஒளிமிக்க மீன் ஒன்று இராதா கோவிந்தரின் கண்ணில் பட்டது. படத்தைப் புரட்டினார், அவ்விடத்தில் அப்படியொரு மீன் இல்லை. மற்றொருவராயின் தம் கண்ணையே ஐயுற்றிருப்பர். வானத்தை மனப்பாடம் செய்திருந்தவருக்கோ ஐயம் எழவில்லை. அது ஒரு புதுமீன்; ஆங்கிலத்தார் நோவா என்பர்.

புதுமீன் என்பது உண்மையில் புதிதாகப் பிறந்த மீனன்று. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவரும் இடத்தில், ஒன்று முதுமையடைந்து சுருங்கிய வெண்குறு மீனாக இருக்கும். அது தன் துணையிடமிருந்து வாயுவை ஈர்த்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. போர்வை கனத்து வெப்பம் எல்லை மீறும்போது, அணுக்கரு வினை மூண்டு வெடிக்கிறது. மங்கிக் கிடந்த மீன் ஓரிரு நாளில் பல்லாயிரம் மடங்கு ஒளிர்கிறது. 1918இல் தோன்றிய அப்புதுமீன் வானின் மிகப் பிரகாசமான மீன்களுக்கு இணையாக ஒளிர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் காணப்பட்ட புதுமீன்களில் மிக ஒளி வாய்ந்ததும் அதுவே. உலகின் பல பகுதிகளிலும் அதனைத் தாமாகவே கண்டறிந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜெஸ்ஸோர் கருவூலத்தின் சிறு ஊழியர்.

தாம் கண்டதை இராதா கோவிந்தர் ஹார்வர்ட் வானாய்வகத்தின் தலைவர் எட்வர்டு பிக்கரிங் அவர்களுக்கு எழுதினார். கடிதத்தைக் குப்பைக் கூடையில் இடாமல் பிக்கரிங் மதித்துப் படித்தார். நூல்களை அனுப்பி ஊக்கினார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தின் தொடர்பும் அவ்வழியே கிட்டியது. அச்சங்கத்தை 1911இல் தொடங்கிய வில்லியம் டைலர் ஆல்காட்டும் தொழில்முறை வானியலார் அல்லர், ஒரு வழக்கறிஞரே. விருப்பத்தால் வானம் பார்ப்போருக்காக, விருப்பத்தால் வானம் பார்த்தவர் ஒருவர் அமைத்த சங்கம் அது.

என்ன எழுதினார்?

மாறொளி விண்மீன் என்றால் என்ன என்பதை இங்கே சற்று விளக்குவது பொருந்தும். நாம் காணும் மீன்களில் பெரும்பாலானவை என்றும் ஒரே ஒளியுடன் இருப்பனபோலத் தோன்றுகின்றன. சில மீன்களோ கூடிக் குறைகின்றன. திமிங்கில மண்டலத்திலுள்ள மீரா என்னும் மீன், ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்து, பின்னர்த் தொலைநோக்கி இன்றிக் காண முடியாதபடி மங்கிவிடும். முதுமையடைந்த அம்மீனின் உடல், உலைத்துருத்தி போல விரிந்து சுருங்குவதே அதற்குக் காரணம். விண்மீன்களின் முதுமையையும் முடிவையும் பற்றி அறிய, இத்தகைய ஒளிமாற்றங்களைப் பல்லாண்டுகள் விடாது குறித்தல் வேண்டும்.

குறிப்பது எப்படி? மாறொளி மீனுக்கு அருகில், ஒளித்தரம் முன்பே அளந்து உறுதி செய்யப்பட்ட இரண்டு மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று இதைவிடச் சற்று ஒளி மிக்கது. மற்றொன்று சற்று மங்கியது. இம்மீன் அவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது எனக் கண்ணாலேயே மதிப்பிட்டு, ஒளித்தரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் ஒளியில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேற்றுமை. நாளைக் குறிக்க ஜூலியன் நாள் எண் என்னும் தொடர்க் கணக்கு உண்டு. அந்த நாள் நண்பகலில் தொடங்குவதால், கிரீன்விச் நேரப்படி ஓர் இரவின் குறிப்புகள் எல்லாம் ஒரே எண்ணின்கீழ் வந்துவிடும்.

இதில் மிகக் கடினமானது கண்ணின் கூர்மையன்று, மனத்தின் நேர்மை. சென்ற வாரம் இம்மீன் இவ்வளவு இருந்தது, ஆகவே இன்று இவ்வளவு இருக்கும் என்று மனம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கும். அதற்குச் செவி சாய்த்தால், எழுதுவது வானத்துக் கணக்காக இராது. நம் எதிர்பார்ப்பின் கணக்காகவே இருக்கும். பழைய ஏட்டைப் பாராமல், இன்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். நல்ல காசையும் செல்லாக் காசையும் பகலெல்லாம் பிரித்தெடுத்த அந்தக் கண்களுக்கு இந்த நேர்மை இயல்பாகவே வாய்த்தது எனலாம்.

நம் நாட்டின் இருப்பிடமும் அவர் குறிப்புகளுக்கு மதிப்பைக் கூட்டியது. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அங்குள்ளோர் காண இயலாத நேரத்தில் மீன் எவ்வாறு இருந்தது என்பதை இங்கிருந்து எழுதுபவரே சொல்ல முடியும். இவ்வகையில் தமிழகத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ஆம் ஆண்டிலேயே ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறொளி மீனைக் கண்டறிந்தார். அவர் வானாய்வகத்தில் ஊதியம் பெற்று அப்பணியைச் செய்தவர். இராதா கோவிந்தரோ பகல் வேலை முடிந்த பின்னர்த் தம் வீட்டிலிருந்தே செய்தவர்.

கடல் கடந்து வந்த பரிசு

ஒரு நாள், இரு நாள் அன்று. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தப் பணி தொடர்ந்தது. 1954 வரை அவர் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பிய குறிப்புகளின் எண்ணிக்கை 37,215. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது. வங்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம் வானை மூடிவிடும். முழுநிலா நாட்களில் மங்கிய மீன்கள் தெரியா. நோயும் துக்கமும் எவர் வீட்டிலும் வரும். இவை அனைத்தையும் கழித்துப் பார்த்தால், தெளிந்த வானம் கிடைத்த இரவுகளில் அம்மனிதர் எவ்வளவு குறைவாக உறங்கியிருப்பார் என்பது விளங்கும். மறுநாள் காலையில் கருவூலத்துக்கும் செல்ல வேண்டுமே!

அவர் உழைப்பைக் கண்ட அமெரிக்கச் சங்கத்தார் 1926ஆம் ஆண்டு ஓர் அரிய செயலைச் செய்தனர். சங்க உறுப்பினர் சார்லஸ் எல்மருக்கு உரியதாயிருந்த, 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமான தொலைநோக்கியை இராதா கோவிந்தரின் பயன்பாட்டுக்கெனக் கடல் கடந்து அனுப்பி வைத்தனர். வில்லையின் குறுக்களவு இரு மடங்கானால் அது திரட்டும் ஒளி நான்கு மடங்காகும். அதுவரை காண இயலாதிருந்த மங்கிய மீன்களும் அவர் கணக்கேட்டில் இடம்பெறலாயின. 1928ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்துப் பெருமை செய்தது. தம் ஊர்ப் பல்கலைக்கழகம் மூன்று முறை மறுத்த தகுதியை, அவரை நேரில் கண்டிராத அயல்நாட்டார் அவருடைய எண்களை மட்டும் கண்டு வழங்கினர்.

எல்லைக் கோடும் வானமும்

1947இல் நாடு விடுதலை பெற்றது. வங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஜெஸ்ஸோர் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. பிறந்த மண்ணை விட்டு மேற்கு வங்கத்திற்கு வந்த பல இலட்சம் மக்களைப் போலவே, முதுமை எய்திய இராதா கோவிந்தரும் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாராசாத்துக்குக் குடிபெயர நேர்ந்தது. நிலத்தில் கோடு கிழித்தவர்களால் வானத்தில் கிழிக்க இயலவில்லை. அங்கும் அவர் தம் மீன்களைக் கண்டார்.

1954இல் அவர் நோக்குப் பணியை நிறுத்தினார். அமெரிக்கச் சங்கத்தின் விருப்பப்படி, பெரிய தொலைநோக்கியை அப்போது நைனிதால் வானாய்வகத்தில் இருந்த இளம் வானியலார் வேணு பாப்புவிடம் ஒப்படைத்தார். பாப்புவும் மாணவப் பருவத்திலேயே மாறொளி மீன்களை நோக்கியவர். ஹார்வர்டில் பயின்று மீண்டவர். பின்னர் அவர் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைவராகி, வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு புதிய வானாய்வகத்துக்கு வித்திட்டார். அங்கு 1968ஆம் ஆண்டு ஆய்வுப் பணி தொடங்கியது. இராதா கோவிந்தரின் தொலைநோக்கியும் காவலூர் வந்து சேர்ந்தது! எல்மரின் கையிலிருந்து கருவூல ஊழியரின் கைக்கும், அவர் கையிலிருந்து பாப்புவின் கைக்கும் மாறிய அக்கருவி, இறுதியில் நம் தமிழ் மண்ணில் கால் ஊன்றியது. அதே காவலூரில் 1986ஆம் ஆண்டு 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே 1982இல் மறைந்துவிட்ட பாப்புவின் பெயரை அவ்வானாய்வகம் இன்று தாங்கி நிற்கிறது.

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், தம் 97ஆம் வயதில் இராதா கோவிந்தர் பாராசாத்தில் காலமானார். உலக வானியலார் அறிந்த அளவுக்கு அவரை நம் நாட்டார் அன்று அறிந்திருக்கவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

நாம் கொள்ள வேண்டியது

தேர்வில் தோற்பது பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் பேராசிரியப் பெருமக்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இராதா கோவிந்தரும் உடன்பட மாட்டார். அவர் தேர்வில்தான் தோற்றார், கற்பதில் தோற்கவில்லை. ஹார்வர்டுக்கு எழுதும் அளவுக்கு ஆங்கிலத்தையும், நாள் கணக்கையும், ஒளித்தரக் கணக்கையும் அவர் முயன்று கற்றார். மதிப்பெண் பட்டியலைப் பிறர் தருகின்றனர். கற்கும் உரிமையைப் பிறர் தரவும் வேண்டியதில்லை, எவராலும் பறிக்கவும் இயலாது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்து, நாளை எங்கோ ஓர் அலுவலகத்தில் சிறு பணியில் அமரப்போகும் நம்மில் பலருக்கு இது வெறும் அறிவுரையன்று. வாழ்க்கைக்கு வேண்டிய துணை.

கோவை நகரத்து விளக்கொளியில் இன்று மங்கிய மீன்கள் மறைந்துவிட்டன. ஆயினும் பொள்ளாச்சிப் பக்கமோ, அவிநாசிப் பக்கமோ, தோட்டத்துச் சாளைகளில் வீடுள்ள நண்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் ஓய்ந்த தை, மாசி இரவுகளில் பொடக்காலிக்கு வந்து நின்றாலே போதும். வானம் விரிந்து கிடக்கும். பதின்மூன்று பவுன் தொலைநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டா. மீராவைப் போன்ற மீன் ஒளி மிகுந்திருக்கும் காலத்தில் வெறுங்கண்ணாலேயே மதிப்பிடலாம். சிறிய இருகண் நோக்கி இருந்தால் இன்னும் பல மீன்கள் கிட்டும். அமெரிக்கச் சங்கத்தின் தொகுப்பில் இன்று ஐந்து கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்துள்ளன. அவற்றில் இராதா கோவிந்தருடைய 37,215 குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு விண்மீனின் நூறாண்டு வரலாற்றை ஆராயப் புகும் எவரும், ஜெஸ்ஸோர் இரவு ஒன்றில் அம்மனிதர் எழுதிய எண்ணைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

அடுத்த முறை இரயிலில் சென்னைக்குச் செல்கையில், ஜோலார்பேட்டையைக் கடந்து வாணியம்பாடி நெருங்கும்போது சன்னல் வழியே மலைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். அம்மலைகளுக்கிடையே ஓர் ஊரில், ஒரு தோல்வியுற்ற மாணவரின் தொலைநோக்கி வந்து தங்கியது என்பதை நினையுங்கள். ஊர் திரும்பிய இரவில், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கண்டதை எழுதுங்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள்.